பதினோரு துருப்புள்ளி

எண்ணெய்தாங்க காரணம். வேற ஒண்ணுமே இல்ல. அந்தக் கடைக்காரன் மூஞ்சியப் பாத்தப்பவே தோணுச்சு, இவன் வாளுக்குப் பூசுற கிராம்பெண்ணெயில வேற எதையோ கலந்து விக்கிறவன்னு. எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப வாங்கின எண்ணெய் இப்பிடியா இருக்கும்? இது பல்லு வலிக்குப் பஞ்சுல வெக்கிற மருந்து மாதிரி... நீங்களே மோந்து பாருங்க, இசோமுரா ஐயா. பாட்டிலையும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன். என்ன, நல்லாத்தான் இருக்கா? இன்னொரு தடவ மோந்து பாருங்க. சளி கிளி பிடிச்சிருக்கா உங்களுக்கு?

சரி, எண்ணெய விடுங்க. வாளப் பாருங்க. சன்னல் பக்கமா சாய்ச்சுப் பாருங்க. கைப்பிடியிலேர்ந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பிக்குது. கடுகு தெறிச்ச மாதிரி துருப்புள்ளி. பதினொண்ணு. கண்ணாடி போட்டு நானே எண்ணினேன். வாள் தீட்டுற உங்களுக்கு இதெல்லாம் தெனம் பாக்குறது. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. காலையில மொத ரயிலப் புடிச்சு உங்க சேகி ஊருக்கு வந்து எறங்கிட்டேன். அந்தக் கஷ்கொட்டை இனிப்பு உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க. அப்பறமாவா? சரி, கைல வாள் இருக்கு.

அவசரம் என்னன்னா, வர்ற ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்காரரோட நினைவு நாள். கோயில்லேர்ந்து பிக்கு வந்து சூத்திரம் படிப்பார். கூடவே என் கொழுந்தன் ரியோசாகு நாகோயாவுலேர்ந்து வருவான். அவன் சூத்திரம் கேக்கவா வர்றான்? வாளப் பாக்க வர்றான். அவங்க அண்ணன் சாம்பல் சூடு ஆறல, அதுக்குள்ள கேட்டான்: "அண்ணி, வாளப் பாத்துக்கறது உங்களுக்குக் கஷ்டம், எங்கிட்ட குடுத்துடுங்க." எப்பிடி இருக்கும் எனக்கு? நாப்பத்தொரு வருஷம் பக்கத்துல ஒக்காந்து பாத்தவ நான். "ஒரு பொட்டுத் துரு கண்ணுல பட்டா எடுத்துட்டுப் போ ரியோசாகு"ன்னுட்டேன். பத்துப் பேருக்கு முன்னாடி. அந்த வாய்... என்ன பண்றது, அது எனக்குப் பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான்.

உறையா இருக்குமோ? எங்க வீடு ஆத்தோரம். மழக்காலம் வந்தா சுவரே வேர்க்கும். மர உறை ஈரத்த இழுத்துருக்கும். உள்ள எட்டிப் பாக்குறீங்களே, என்ன தெரியுது? காஞ்சுதான் இருக்கா? ஹூம்.

அப்ப ரியோசாகுதான். போன வருஷம் வந்தப்ப உருவிப் பாத்தான். வெரல வெச்சிருப்பான். வெறும் வெரல் பட்டா துரு வரும்னு உங்களுக்குத் தெரியாததா. கோல்ஃப் மட்டைய மழையில போட்டுட்டுத் தூங்குற ஆளு அவன். அவனுக்கு வாளு. என்ன? வெரல் பட்டா தடம் பெருசா, ரேகையோட இருக்குமா? இது அப்பிடி இல்லியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா, அவனா இருந்தா எனக்கு ரொம்ப வசதி.

நான் செய்யிறதுல கொறையே கெடையாது. அவர் செஞ்ச மாதிரியே வரிசையாச் செய்வேன். மொதல்ல வணங்குறது. வெட்டுற பக்கம் மேல பாக்க மெதுவா உருவுறது. சின்னப் பித்தளச் சுத்தியால கைப்பிடியோட மூங்கில் ஆணியத் தட்டிக் கழட்டுறது. மெல்லிசு காகிதத்தால பழைய எண்ணெயத் தொடைக்கிறது. வெள்ளப் பொடி கட்டின துணி உருண்டையால பொத்துப் பொத்துன்னு தட்டி மறுபடி தொடைக்கிறது. அப்பறம் புது எண்ணெய், பனி படிஞ்ச அளவுக்குத்தான். வாராவாரம் செய்யிறேன், ஐயா. சனிக்கெழம சாயங்காலம் தவறினதே இல்ல.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? வாராவாரம் தேவையில்லியா? அவர் மூணு மாசத்துக்கு ஒரு தடவதான் செய்வார், தெரியும். நான் கொஞ்சம் கூடுதலா செய்யிறேன். அது ஒரு குத்தமா?

ஆமா, எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம்தான். நான் தொடைக்கும்போது எம்மூஞ்சியப் பாத்து இருக்குற பக்கம். ஏன், அதுல என்ன இருக்கு?

வாயில காகிதமா? இல்ல, நான் வெச்சுக்கறதில்ல. அவர் வெச்சுக்குவார். மடிச்ச காகிதத்த ஒதட்டுல கவ்விக்கிட்டு, வாள எறக்கி வெக்கிற வரைக்கும் எடுக்க மாட்டார். அது அவரு பழக்கம்னு நெனச்சேன். உங்ககிட்ட மறைக்கிறதுக்கென்ன, நான் பேசுறதுக்குப் பதில் சொல்லாம தப்பிக்கத்தான் மனுஷன் அப்பிடிச் செய்யிறார்னு நெனச்சேன்.

மூச்சு படாம இருக்கவா?

எச்சிலுமா...

கொஞ்சம் தண்ணி குடுங்க ஐயா. இல்ல, டீ வேணாம், தண்ணி போதும்.

சொல்லிடறேன். நான் பேசுவேன். வாளக் கையில எடுத்தா பேசுவேன். அவரு இருந்தப்பவும் அதான் எங்களுக்கு நல்ல நேரம். மத்த நேரத்துல பாதி பேச்சுல எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிடுவார். வாள் மடியில இருந்தா எங்க போறது? ஒக்காந்தேதான் ஆகணும். மூணு மாசத்துச் சேதிய மொத்தமா சொல்லிடுவேன். பக்கத்து வீட்டு முள்ளங்கி, மக சண்ட போட்டது, முட்டி வலி, எல்லாம். அவரு கண்ணு மட்டும் அப்பப்ப சிரிக்கும். அவர் போனப்பறம் மொத சனிக்கெழம சும்மா எடுத்து வெச்சேன். வாயி தானா ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த வாரமும். வீட்டுல வேற யாருகிட்டப் பேசுறது? கண்ணு பாத்துப் பேசினாத்தானே பேச்சு. அதனால வாள மூஞ்சிக்குக் கிட்டக்க வெச்சுக்கிட்டு...

பதினொண்ணும் நானேதான். பாவம் எண்ணெய்க் கடைக்காரன். திரும்பிப் போறப்ப அவங்கிட்ட இன்னொரு பாட்டில் வாங்கிடணும்.

துருவ எடுத்துடலாமா? ஆனா ஒரு மாசம் ஆகுமா? ஞாயித்துக்கெழமைக்கு முடியாதா? பரவால்ல. அவசரத்துல தேய்ச்சா இரும்புதான் கொறையும், எனக்குத் தெரியும். ரியோசாகுகிட்ட நானே சொல்லிடறேன். துரு வந்துடுச்சு, என் வாயாலதான் வந்துச்சு, சொன்ன சொல் சொன்னதுதான், எடுத்துட்டுப் போன்னு...

என்ன சொன்னீங்க? இந்த வாள் முன்னாடியே இங்க வந்திருக்கா?

எப்ப? ரெண்டு தடவையா? அவரே கொண்டு வந்தாரா?

இதே மாதிரி புள்ளியா? அதெப்பிடி, அவருதான் வாயில காகிதத்தோட... ஓ. பக்கத்துல ஒக்காந்திருந்தது நான். முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு.

எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, இந்த மனுஷன். தள்ளி ஒக்காருன்னுகூட சொன்னதில்ல. "ஹிசானோ, கொஞ்சம் வாய மூடு"ன்னா ஒரு நாள் கோவப்பட்டுட்டு அடுத்த நாள் நான் அடங்கியிருப்பேன். கேட்டீங்களா நீங்க, ஏன் இப்பிடி ஆகுதுன்னு? என்ன சொன்னார்?

சிரிச்சாரா? அவ்வளவுதானா? வாயில காகிதமே இல்லாதப்பவும் சிரிப்புத்தானா.

நில்லுங்க. இங்க வந்த நாள்ல எங்கிட்ட என்ன சொல்லிட்டு வந்திருப்பார்? ஆத்துக்கு மீன் புடிக்கப் போறேன்னு நீளத் தூண்டில் பையோட கெளம்பினாரே, ஒவ்வொரு தடவையும் மீனில்லாம திரும்பி வந்தாரே. ஒரு மீனுகூட புடிக்கத் தெரியாத ஆம்பளைன்னு ராத்திரிச் சாப்பாடு முடியிற வரைக்கும் திட்டினேன். தலையாட்டிக்கிட்டே சாப்பிட்டார்.

இல்ல. ரியோசாகுக்குக் குடுக்கப் போறதில்ல. பத்துப் பேரு முன்னாடி சொன்னத, அதே பத்துப் பேரு முன்னாடி வாபஸ் வாங்கிக்கறேன். அவங்க அண்ணனே ரெண்டு தடவ துருவோட வெச்சிருந்தார், அதுக்காக யாரும் அவருகிட்டேர்ந்து பிடுங்கலியே. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், நல்ல சாப்பாடாப் போட்டு அனுப்புறேன்.

ஐயா, ஒரு ஒதவி. வாள உறைக்குள்ள போட்டுட்டுக் கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்க. நல்லா அழுத்திப் போட்டீங்களா? சரி. நீங்க போய் டீ போட்டுக்கிட்டு வாங்க, மெதுவா வாங்க.

எனக்கு இவருகிட்டக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.