ஒரு சுற்று மட்டும்

எல்லாரும் போனைக் கீழே வையுங்கள், அப்போதுதான் சொல்வேன். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பகல் ஒன்றரை மணிக்கு நடந்தது. ஆகஸ்ட் மாதம்... ராஸ் அல் கைமா தாண்டி மலைப்பக்கம் போகிற ரோடு. அந்த வெயிலில் ஒரு ஈ காக்கை இருக்காது. ரோட்டின் கடைசியில் ஒரே ஒரு வில்லா.

நம் பர் துபாய் கடையில் இருந்தானே மணிமாறன், அவன் அக்கா பானுமதியின் வீட்டுக்காரர் கார்மேகம். அந்த வில்லாவில் தனியாக இருந்த இங்கிலாந்துக் கிழவருக்கு அவர்தான் சமையல். கிழவரிடம் சாவி கொடுத்தால் சுற்றும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. அவர் ஊர் டான்ஸ் பேண்டுகளின் இசைத்தட்டுகள், தொண்ணூறு வருஷம் பழையவை. மத்தியானம் சாப்பிட்டதும் இருவரும் சுலைமானி, அதான் பால் இல்லாத டீ, குடித்துக்கொண்டே கேட்பார்கள். முதலில் பேண்ட் மட்டும் வாசிக்கும். நடுவில் பாடகர் வந்து ஒரே ஒரு சுற்று பாடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. தட்டில் அவர் பெயர்கூட இருக்காது. கார்மேகத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் காதோரம் பேசுகிற மாதிரி அந்தக் குரல்... அவருக்குப் பிடித்துப்போயிற்று.

கிழவர் இறந்துபோனார். வில்லா விற்கும் வரை காவலுக்கு இரு என்று சொல்லிவிட்டு ஏஜென்ட் போய்விட்டார். ஐந்து மாதம். பேச ஆளில்லை. இங்கே வாட்ஸ்அப் கால் போகாது, உங்களுக்கே தெரியும். தினமும் பாட்டு முடிந்ததும் மனைவிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், அன்றைய பேச்சு அதோடு சரி. பாவம், தனிமை அந்த மனுஷனைத் தின்றுவிட்டது.

ஒரு நாள் சாவி சரியாகக் கொடுக்கவில்லை. பேண்ட் இழுத்து இழுத்து... நின்றுவிட்டது. ஏசி சத்தம் மட்டும். அந்தக் காலத்து ஆட்கள் தலைக்குப் பூசுகிற கிரீம் வாசனை வந்தது. பிறகு கிழவரின் காலி நாற்காலியிலிருந்து அந்தப் பாடகரின் குரல்... ஒரு சுற்று பாடியது.

பாலகுரு, சிரிக்காதே. நாமாக இருந்தால் ஓடியிருப்போம். கார்மேகம் போனை எடுத்துப் பதிவு செய்தார். "இன்னொரு தடவ பாடுங்க" என்றார்.

அது பானுமதிக்குப் போனது. உடனே பதில் வந்தது. "யாருங்க பக்கத்துல பாடுறது? நீங்க ஊருக்கு வந்து நாலு வருசமாச்சு. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சுல்ல, கெளம்பி வந்துருங்க."

"இவர தனியா விட்டுட்டு எப்புடி வர்றது, பானு?"

வெள்ளிக்கிழமை விமானத்தில் அவர் ஏறவில்லை. ஏஜென்ட் போய்ப் பார்த்தார். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது, உடைத்துத்தான் உள்ளே போனார். பெட்டி கட்டி, மேலே பாஸ்போர்ட். பக்கத்தில் போன். மேசையில் இரண்டு கிளாஸ் சுலைமானி, இரண்டிலும் சூடு ஆறவில்லை. கார்மேகம் மட்டும் இல்லை. மலையெல்லாம் தேடினார்கள். போன் இன்றைக்கும் போலீஸிடம்தான் இருக்கிறது, அணைத்த நிலையில்.

ஆனால் தினமும் ஊர் நேரம் மூன்று மணிக்கு, அவர் நம்பரிலிருந்து பானுமதிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. மணிமாறன் எனக்குப் போட்டுக் காட்டினான். முதலில் பேண்ட். நடுவில் பாட்டு, பிசிறில்லாத இங்கிலீஷில். குரல் கார்மேகத்துடையது. ஒரே சுற்று. முடிந்ததும் ஊசி கீறுகிற சத்தம்... பிறகு பக்கத்தில் யாரோ, தமிழுக்கு நாக்கு வளையாத ஒருவர், மெல்லச் சொல்கிறார்.

"இன்னொரு... தடவ... பாடுங்க."