எழுப்பும் உரிமை

எனக்குத் தூங்குகிற கம்ப்யூட்டரைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்டுத் தூங்குவது அது ஒன்றுதான்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். வேலையில் இருந்த காலமெல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பராமரித்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று பாதி அலுவலகம் எனக்காக அழுதது. மீதிப் பாதி பாஸ்வேர்டு மறந்துபோய் அழுதது.

பக்கவாதம் வந்து என் மனைவிக்குப் பேச்சு போனது. மிஞ்சியது ஒரு விரல். கட்டிலுக்கு எதிரே திரையை மாட்டி, விரலுக்கு அடியில் மவுஸை வைத்தவன் நான்தான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் அழுத்துவாள். சேர்ந்ததைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். சும்மா விட்டால் அது தூங்கிப்போகும். மவுஸையோ கீபோர்டையோ தொட்டால் எழும். வாங்கும்போதே அப்படித்தான் அமைத்துத் தருகிறார்கள்.

காலமெல்லாம் ‘என்னங்க’ என்றவள், எழுத்து மிச்சம் என்று ‘கிழவா’வுக்கு இறங்கிவிட்டாள். முதல் பேச்சே, “கிழவா, சட்டைய மாத்து. ஊரே நாறுது.” தெரு முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கூப்பிட்டாள். “கிழவா, ஜன்னல்.” “கிழவா, முதுகு.” “கிழவா, அங்க என்னத்தக் கிழிக்கிற?” எல்லாவற்றையும் ரசித்தேன்.

ஒரு நாள் நெடுநேரம் அழுத்தினாள். “மக வந்தா அவகூடப் போறேன். நீ கொஞ்சம் தூங்கு.”

மகள் வீட்டில் எனக்கு இடம் கிடையாது. மாப்பிள்ளையும் நானும் ஒரே கூரைக்குள் இருந்தால் கூரை பறந்துவிடும். இந்த வீட்டில் நான் எந்தச் சுவரோடு பேசுவது?

செட்டிங்ஸுக்குள் போனேன். மவுஸ் கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். அதை எடுத்தேன். கீபோர்டின் டிக்கை விட்டுவைத்தேன். கீபோர்டு அலமாரி மேல், என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அவளுக்கும் ஓய்வு வேண்டுமே.

மகள் வந்தபோது திரை இருட்டாக இருந்தது. விரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

“அப்பா, அம்மா வெரலு அசையுதுப்பா.”

“அது வெறும் நரம்புத் துடிப்பும்மா. நெனவெல்லாம் போயிருச்சு.”

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அந்த விரலை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த நிலையில் அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம் என்றேன். சரி என்று தனியாகப் போனாள்.

அதன் பிறகு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். என் அலுவலகக் கதைகளை முதலிலிருந்து சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். விரல் மட்டும் ஓயாது. அந்தச் சத்தம் கேட்காமலிருக்க மவுஸுக்கு அடியில் துணி மடித்து வைத்தேன்.

அடுத்த முறை வந்த மகள் கைப்பையைத் தூக்கி அலமாரி மேல் போட்டாள். கீபோர்டின் மேல் விழுந்தது. திரை விழித்தது. முதலில் உளறல், அதன் பின் அவள் விரல் சேர்த்ததைக் கம்ப்யூட்டர் தெளிவாகச் சொன்னது: “கூட்டிட்டுப் போ.”

டிக்கை எடுத்தது நான்தான் மேடம், தெரிந்தே எடுத்தேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: எடுத்த நாளிலிருந்து அவள் என்னைப் பற்றி ஒரு குறைகூடச் சொன்னதில்லை.