கேன்டீன் சுவரில் நாற்பத்தொரு ஆணிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் ரத்தினவேல் அவர்களே, சங்கத் தலைவர் லக்ஷ்மணன் அவர்களே, இயந்திரங்களை நிறுத்திவிட்டு இந்தக் கேன்டீனில் கூடியிருக்கும் இரண்டு ஷிப்ட் தொழிலாளர்களே, எல்லோருக்கும் சகாயராணியின் வணக்கம். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கம்பெனியைப் பெருக்கித் துடைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருப்பவள் நான்.

முதலில் என் வீட்டுச் செய்தி. பேரன் பிரவீன்ராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்துவிட்டான். பெரிய பேத்தி பேட்ரிசியா நர்சிங் முடித்து மஸ்கட் போய்விட்டாள். சின்னவள் ஜாஸ்லின் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படிக்கிறாள். போன வாரம் கல்லூரிக் கண்காட்சியில் அவளுக்குத்தான் முதல் பரிசு. துக்கக் கூட்டத்தில் என்ன இந்தப் பெருமை என்று நினைப்பீர்கள். நம்மை விட்டுப் போன நிர்வாக மேலாளர் ஜெய்சங்கர் சாரிடம் யார் எதற்குப் போய் நின்றாலும், "மொதல்ல பிள்ளைங்க கதையைச் சொல்லுங்க, அப்புறம் வேலை" என்பார். ஜாஸ்லின் பரிசு வாங்கியதை மட்டும் அவரிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது. அதனால் இங்கே சொன்னேன். இனி வேலை.

வேலை என்னவென்று இந்தச் சுவர்களைப் பார்த்தாலே தெரியும். நாற்பத்தொரு ஆணி. ஒரு ஓவியப் படம்கூட இல்லை. வெள்ளையடிக்க வேண்டும் என்று இறக்கினார்கள். அடித்து முடித்தும் மாட்டவில்லை. எல்லாம் ஸ்டோரில் மரப்பெட்டிக்குள் கிடக்கிறது. திங்கட்கிழமை லாரி வருகிறதாம். பாதி சென்னை அலுவலகத்துக்கு, மீதி விற்பனைக்கு. காலையிலிருந்து மூன்று முறை ஸ்டோர் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. இந்த நிலையில் நான்கு நல்ல வார்த்தை பேசி, மாலை போட்டு, எப்படி வீட்டுக்குப் போவது?

படம் வாங்கும் யோசனை பெரிய முதலாளியுடையது. விருந்தினர் விடுதிக்கு நாலு பழைய படம் வாங்கி மாட்டச் சொன்னார். சார் கேட்டாராம்: "நம்மகிட்ட வேலை பாக்குறவங்க உயிரோட இருக்காங்க. படம் வரைஞ்சவங்களும் உயிரோட இருக்கட்டுமேங்க." அன்றிலிருந்து, இன்று வரைந்துகொண்டிருப்பவர்களின் படங்கள்தான். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு படமும் ஒரு மாதம் இங்கே, கை கழுவும் இடத்துக்கு எதிரே தொங்க வேண்டும். வரைந்தவர் பெயர் இருக்காது. சார் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் படம் திரும்பிப் போகும். தகராறு வந்தால் வாங்கி இந்தச் சுவரிலேயே மாட்டிவிடுவார்.

ஜீயபுரத்திலிருந்து ஓவியர் பெலிண்டா அம்மாவின் படம் வந்தது. முழுக்கச் சாம்பல் நிறம். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஃபிட்டர் பிச்சைமுத்து கேட்டார்: "ஏன் சார், வரைஞ்சவங்க பாதியில சாப்பிடப் போயிட்டாங்களா?"

"வந்ததும் கேட்டுச் சொல்றேன் பிச்சைமுத்து."

அதைப் பார்க்கப் பிடிக்காமல் பிச்சைமுத்து இடம் மாறி உட்கார்ந்தார். மாதம் முடிந்து படத்தை இறக்கினோம். மறுநாள் அதே பிச்சைமுத்து, "எங்க சார் அது? சுவரு மொட்டையா இருக்கே" என்றார். அன்று மதியமே சார் வாங்கிவிட்டார்.

வாசலில் நிற்கும் இரும்புச் சிற்பத்தின் கதை என் தப்பு. மருங்காபுரி சிற்பி தைரியராஜ், பழைய கலப்பைக் கொழுக்களை ஒட்டவைத்துச் செய்தது. ஒரே துரு. ஆடிட் வருகிறது, கேட்டிலேயே துருவா என்று நான் பெயின்டர் தங்கையனிடம் சொன்னேன். நம் ஆட்களைக் கேட்க வேண்டுமா? பளபளவென்று தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே சாம்பல் பெயின்ட். தைரியராஜ் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"துருதாங்க என் வேலையே."

"அதை எடுக்குறதுதாங்க என் வேலை" என்றார் தங்கையன்.

சார் என்னையும் திட்டவில்லை, தங்கையனையும் திட்டவில்லை. "தப்பு என்னோடது தைரியராஜ். கொண்டாந்து நிறுத்தினேனே தவிர, இது என்னன்னு இவங்ககிட்ட சொல்லலை" என்றார். அதன் பிறகுதான், வரைந்தவரோ செய்தவரோ ஒருநாள் இங்கே நம்மோடு சாப்பிட்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று ஆனது. பெயின்டைச் சுரண்டிய பிறகு பழையபடி துருப் பிடிக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. மழை வந்தால் சார் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்ப்பார். துருப் பிடிக்கவில்லையே என்று கவலைப்பட்ட இரும்புக் கம்பெனி வேறு எங்கே இருக்கிறது?

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இந்த வெறும் சுவர்களைப் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பியது நான். ஆத்திரத்தில் அனுப்பினேன். படுக்கையில் கிடக்கிற மனிதருக்கு அனுப்புகிற படமா அது? அவர் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. பதில் இல்லை. மூன்றாம் நாள் அவர் போய்விட்ட செய்தி வந்தது.

ஸ்ரீரங்கத்துக்குப் போய் அவர் மனைவி கோதை அம்மா முன்னால் நின்றேன். அவர்கள் சொன்னார்கள்: "உம்மேல எனக்கு வருத்தம் இல்லை சகாயம். அந்தப் படத்தைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பாத்துண்டே இருந்தார். எந்த ஆணியில எதுன்னு சொல்றேன், எழுதிக்கோன்னார். இருபத்தாறு சொன்னார். அப்புறம் டாக்டர் வந்துட்டார்."

அந்தக் காகிதம் என் கையில் இருக்கிறது. இருபத்தாறு. மீதி பதினைந்துதான் என்னை நிற்கவிடாமல் விரட்டியது. நேற்று டீ நேரத்தில் மேஜை மேஜையாகப் போனேன். நீங்கள் சண்டை போட்டே பதினான்கைச் சொல்லிவிட்டீர்கள். முப்பத்தெட்டாவது ஆணி மட்டும் இன்னும் தகராறில் இருக்கிறது. இருக்கட்டும், தீர்த்துக்கொள்ளலாம்.

ரத்தினவேல் அவர்களே, இந்தப் படங்களை உங்கள் கம்பெனி வாங்கியது உண்மை. எது எங்கே இருந்தது என்று பார்க்காமலே சொல்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதும் உண்மைதானே? லாரியை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மாட்டுவது எங்கள் பொறுப்பு. படச் சட்டங்களை உலர்ந்த துணியால் துடைப்பது என் பொறுப்பு. இனி வரும் படங்களுக்கு எதிரே, சார் உட்கார்ந்த இடத்தில், முறை வைத்து நாங்கள் தட்டோடு உட்காருவோம். பேசுவதைக் கேட்டு உங்களிடம் சொல்வோம். இது அவர் பெயரால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

சுவர் நிறைந்த அன்று ஒரு புது போட்டோ எடுங்கள். போனில் அனுப்ப வேண்டாம். சாருடைய போனைக் கோதை அம்மா அணைத்து பீரோவில் வைத்துவிட்டார்கள். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஸ்ரீரங்கம் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். நான் அனுப்பிய படத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு இங்கிருந்து வேறு படம் போகவில்லை.