ஏழு முறை பழுதான மின்விசிறி

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, என்னோடு அழுது பழகிய சகோதரிகளே, வழக்கம்போல வாசலிலேயே நிற்கும் சகோதரர்களே, வணக்கம். நம் தலைமைச் செவிலியர், நம் நர்ஸக்கா இருந்திருந்தால் உங்களை அங்கே நிற்க விட்டிருப்பாரா?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்த மருத்துவமனையின் பின்னறையில், மனம் நொந்தவர்களுக்காகச் செவ்வாய்தோறும் அவர் கூட்டம் தொடங்கினார். பெண்கள் வந்தோம், பேசினோம், அழுதோம். "சொன்னதையே எத்தனை வாட்டிம்மா சொல்லுவ? புண்ணைச் சொறிஞ்சா ஆறுமா? எழுந்து வா, ரெண்டு சுத்து நடப்போம்" என்று எங்களை இழுத்துப் போவார். ஆண்களோ எங்களை இறக்கிவிட்டு, வாசலில் வண்டிமேலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஆலை மூடியபின் எட்டு மாதம் சரியாகப் பேசவில்லை. நான் ஆண்டவனிடம் அழுது தீர்ப்பேன். அவர் ஆண்டவனிடம்கூட வாய் திறக்கமாட்டார். ஒருநாள் திறந்தார். "நான் இல்லேன்னாலும் நீ சமாளிச்சுக்குவ" என்றார். நேரே நர்ஸக்காவிடம் ஓடினேன்.

அக்கா அறிவுரை சொன்னாரா? இல்லை. வாசலுக்குப் போய், "தம்பி, உள்ளே ஃபேன் ஓடல. கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார். இவர் போனார், பின்னாலேயே மூன்று பேர் போனார்கள். திருப்புளியும் கையுமாக, ஃபேனைப் பார்த்தபடியே, "வீட்ல இருக்கவே கூசுதுப்பா" என்றார் இவர். "எனக்கும்தான்" என்றது இன்னொரு குரல். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

பின்னறையில் எது பழுதானாலும் நோட்டில் எழுதிவைப்பவள் நான். ஒரே வருடத்தில் அதே ஃபேன் ஏழு முறை. "என்னக்கா கணக்கு இது?" என்றேன். "எழுதறதோட நிறுத்திக்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி எங்கே காண்போம்?

அக்கா போன நாளிலிருந்து இவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பழைய பயம். இன்று காலை, நன்றாக ஓடிய எங்கள் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, ஒரு ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கடிகாரம் நின்றுவிட்டது.

"என்னங்க இது?"

"செவ்வாக்கிழமைக்கு வேணும்ல. அந்த ஃபேன் வயரும் தானா அறுந்ததில்ல. எங்க எல்லாருக்கும் மொத நாளே தெரியும்."

அக்கா, உங்கள் பணி நிற்காது. வரும் செவ்வாயும் பின்னறை திறந்திருக்கும். வாசலில் நிற்கும் சகோதரர்களே, எங்கள் வீட்டுக் கடிகாரம் ஓடவில்லை. கொஞ்சம் வந்து பாருங்கள்.