கொலைக்கு ஒரு ஃபார்ம்

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரியைத் தாண்டியது. தூங்கலாமென்றால் முன் சீட்டுப் பெண்கள் விட்டால்தானே! சின்னவள் மடியில் ஒரு நாவல். ஒரு சிற்றூர் வாசகர் வட்டம் கொலையைத் துப்பறிகிற கதையாம்.

“கொல பண்ணவன கண்டுபுடிச்சாங்களா?” என்றாள் பெரியவள்.

“கடைசிப் பக்கத்தையே காணலக்கா. மெஷின் நின்னா ஏன், ஏன்னு கேட்டு ஒரு ஃபார்ம் எழுதுவோம்லா? ஹாஸ்டல்ல நாலு பேரு உக்காந்து அதுல எழுதிப் பாத்தோம்.”

“யாரு வந்துது?”

“தோட்டக்காரன்.”

“இன்னாடி இது! அவன் அன்னிக்கு ஊர்லயே இல்லியே. நான் படிச்ச வரைக்கும் கத்தி முதலாளி வூட்லதானே கெடச்சுது?”

“நெசந்தாங்க்கா. ஆனா ஃபார்ம்ல தப்பு யாரு மேலன்னு எழுத ‘ஆபரேட்டர் பெயர்’னு மட்டுந்தான கட்டம் இருக்கு.”