பெண் பார்க்கப் போன கார்

ராக்கையா: ...காருக்குக் கீழ படுக்காதீக முதலாளி! மெக்கானிக்கு நான் எதுக்கு இருக்கேன்? பட்டுக்கரை வேட்டி பாழாப் போகும்.

முத்துக்கருப்பன்: போகட்டும். எங்கனருந்து ஒழுகுதுன்னு பாத்தியா?

ராக்கையா: வால்வு மூடிதான். உள்ள எண்ணெ கசியாம அடைக்குற பாக்கிங் பிஞ்சு போச்சு. எண்ணெ வழிஞ்சு, சூட்டுக் குழாயில விழுந்து... அதான் இம்புட்டுப் பொகை.

முத்துக்கருப்பன்: பொகையப் பாத்ததும் எங்கய்யாவும் ஆத்தாளும் குதிச்சுட்டாக. வெத்தல பாக்குத் தட்டோட மாட்டு வண்டியில முன்னாடி போறாக.

ராக்கையா: என்ன விசேசம்?

முத்துக்கருப்பன்: எனக்குப் பொண்ணு பாக்க. இந்தத் தேவதானப்பட்டிலதான்... அன்னத்தாய் வீடு. மக பேரு ராமுத்தாய்.

ராக்கையா: ராமுத்தாயா?

முத்துக்கருப்பன்: தெரியுமா உனக்கு?

ராக்கையா: தெரியும்... நல்ல பிள்ள. அந்த ஸ்பானர எடுங்க.

முத்துக்கருப்பன்: இந்தா. பழைய பாக்கிங்க நல்லாச் சொரண்டுனியா? துணுக்கு ஒட்டியிருந்தா புதுசு உக்காராது.

ராக்கையா: சொரண்டியாச்சு.

முத்துக்கருப்பன்: புது பாக்கிங்குக்குத் தக்கையா போடுற?

ராக்கையா: தக்கைக்கு எங்க போக? உலகச் சண்டையில சீமைக் கப்பலே வரலேங்குறாக. கெட்டி அட்டைய வெட்டி எண்ணெயில ஊற வச்சிருக்கேன்.

முத்துக்கருப்பன்: யப்பா, யப்பா! ஒரே பக்கமா போல்ட்ட முறுக்காத. மூடி கோணிக்கிரும். இங்கன ஒண்ணு, எதிர ஒண்ணு... தள்ளு, நான்...

ராக்கையா: முதலாளி.

முத்துக்கருப்பன்: என்ன?

ராக்கையா: காரு வச்சிருக்கவுக ஸ்பானரத் தொட்டு நான் பாத்ததில்ல. உள்ளங்கை வேற காச்சுக் கெடக்கு.

முத்துக்கருப்பன்: மெதுவாப் பேசு... ரோட்டுல ஆளு வருது.

ராக்கையா: யாரு காரு இது?

முத்துக்கருப்பன்: பெரியகுளத்து வக்கீலய்யாவோடது. நான் டிரைவரு.

ராக்கையா: கேட்டு எடுத்தீகளா?

முத்துக்கருப்பன்: அவுக மெட்ராசு போயிருக்காக. கேக்கல.

ராக்கையா: பொண்ணு வீட்டுல என்ன சொன்னீக?

முத்துக்கருப்பன்: சொந்தக் காருன்னு தரகரு அளந்துட்டாரு. எங்கய்யா தலையாட்டுனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்... வாயத் தொறக்கல.

ராக்கையா: ஏன்?

முத்துக்கருப்பன்: டிரைவருக்குக் குடுக்குற வீடா அது? பொண்ணோட அண்ணன் மதுரையில ஆபீஸ் உத்தியோகமாம்ல.

ராக்கையா: யாரு சொன்னா?

முத்துக்கருப்பன்: பொண்ணோட ஆத்தாளே சொன்னாகளாம். இன்னைக்கு அவருக்கு லீவு கெடைக்கலையாம். நல்லதாப் போச்சு... அவரு மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்? என்னப்பா, கைய எடுத்துட்ட?

ராக்கையா: ஒண்ணுமில்ல... வழுக்குது.

முத்துக்கருப்பன்: எங்கயும் சொல்லிராத. காரு கெளம்புனா இப்பிடியே திரும்பிப் போயிரலாமான்னு இருக்கு. அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு இந்தக் காரப் பாக்கும்... நெனச்சாலே ஒடம்பு கூசுது.

ராக்கையா: திரும்பாதீக. காரு இங்கனயே நிக்கட்டும். நடந்து போயி, டிரைவருன்னு சொல்லிருங்க.

முத்துக்கருப்பன்: வெரட்டிருவாகப்பா! அந்த அண்ணன்காரரு கேள்விப்பட்டா...

ராக்கையா: கேள்விப்பட்டுட்டான். அவனுக்கு லீவெல்லாம் ஒண்ணுமில்ல... ‘மாப்ள வீட்டாளுக வாராக, இந்த எண்ணெச் சட்டையோட வீட்டுப் பக்கம் வந்துறாதடா’ன்னு எங்க ஆத்தாதான் காலையில சொல்லிச்சு.