எப்போதோ செத்த அமெரிக்கன் மேல் பொறாமை

தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை காலை, மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து ஆக்லாந்து நகருக்குள் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள். கணவர் மடியில் நூலகத்துப் புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது.

"இந்த அமெரிக்கன் எந்தக் காலத்திலயோ செத்துப்போனான். எண்டாலும் எனக்கு இவனில பொறாமையாக் கிடக்கு."

"ஆரப்பா அவன்?"

"அந்த நாட்டில நாடகம் தொடங்கின காலத்து நடிகன். தானே எழுதி, தானே கதாநாயகனா நடிச்சு, ஊர் ஊராப் போய்க் கைதட்டு வாங்கியிருக்கிறான். இஞ்சை எங்கட தமிழ்ச் சங்கத்துக்கு நாடகம் எழுதினது நான். ராசா வேஷம் மங்கரேப் பக்கத்தில இருந்து வாற அந்த ஆளுக்கு. எனக்குத் திரைக்குப் பின்னால நிண்டு வசனம் எடுத்துக் குடுக்கிற வேலை."

"மேடைக்கூச்சம் எண்டு நீங்கள்தானே அவரிட்டைக் குடுத்தனீங்கள்."

"ஓம், குடுத்தனான்தான். அவனைப் பாத்து நீர் முன்வரிசையில இருந்து அழுவீர் எண்டு ஆர் கண்டது?"

"பிள்ளை செத்த சேதி கேட்டு ராசா கதைக்கிற இடம். ஆர்தான் அழேல்லை? நான் அழுதது உங்கட வசனத்துக்கு."

அவர் புத்தகத்தை மூடினார்.

"அதே வசனத்தை, எழுதின அண்டைக்கே குசினிக்கு வந்து உமக்கு வாசிச்சுக் காட்டினனான். நீர் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனீர். அப்பவும் உமக்குக் கண்ணீர் வரேல்லை."